முகவரி நூல்களில் முன்னோர்

கொள்ளுப்பாட்டனாரின் பெயரை அறிந்தோர் பலர். அவர் எங்கு வாழ்ந்தார், என்ன தொழில் செய்தார் என்பதை அறிந்தோர் சிலரே. இக்குறையைப் போக்கப் பழைய வணிக, நகரக் கையேடுகள் துணைபுரிகின்றன. சென்னையில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘அசைலம் பிரஸ் அல்மனாக்’ அத்தகையது. அரசு அலுவலர், வணிகர் முதலியோரின் பெயர்கள் அதில் இடம்பெற்றன. அடுத்தடுத்த ஆண்டுகளின் பதிப்புகளை ஒப்பிட்டால், ஒருவர் பதவி உயர்ந்ததும் ஊர் மாறியதும் புலப்படும். ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறுபடும். ஆதலால் பெயரோடு தொழிலும் பொருந்துகிறதா எனக் காணல் வேண்டும்.

தேடும் ஊரின் அக்கால எல்லையை அறிவதும் இன்றியமையாதது. ஆதம்பாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. எனவே, அவ்வூரார் பெயர்களைச் சென்னை நகரப் பட்டியலில் மட்டும் தேடுதல் போதாது.

மேலும், உழவர், கூலித் தொழிலாளர், பெண்டிர் ஆகியோர் இக்கையேடுகளில் அரிதாகவே இடம்பெற்றனர். அவர்களின் சுவடுகளை நிலப் பதிவேடுகளிலும், பழைய பத்திரங்களிலும், பிறப்பு இறப்புப் பதிவுகளிலும், வீட்டு முதியோரின் நினைவுகளிலும் தேடல் வேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இத்தேடலுக்கு உதவும். பட்டியலில் பெயர் இல்லாமை, அவர்கள் வாழவில்லை என்பதற்குச் சான்றாகாது. பட்டியலிட்டோர் யாரைப் பொருட்படுத்தினர் என்பதையே அது காட்டும்.