ஹஜ்ஜுக்கு நீட்டிய கை

ஹஜ் பயணம் உறுதியானவர்களுக்குத் தடுப்பூசி போடும் முகாமிற்குச் சென்றவர்கள் அறிவர். தள்ளாத வயதுப் பெரியவர்களும் தாய்மார்களும் வரிசையில் நின்று, தயக்கமின்றிக் கையை நீட்டுவார்கள். மூளைக்காய்ச்சல் ஊசி போடாதவருக்கு ஹஜ் இல்லை. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது அந்நோய் பரவியதை அடுத்து சவூதி அரசு விதித்த கட்டாயம் இது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் வேறொரு வகைக் கிருமி ஹாஜிகளிடையே பரவவே, நான்கு வகைக் கிருமிகளையும் தடுக்கும் ஊசியாக அது மாற்றப்பட்டது. இதை எதிர்த்து எவரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. என்னிடம் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அவர்களுள் ஹாஜியார் ஒருவரிடம், "ஹஜ் ஊசிக்கு மட்டும் கையை நீட்டினீர்களே?" என்று கேட்டேன். "அது அல்லாஹ்வின் வீட்டுக்குப் போவதற்கு, ஹஜ்ரத். இது யார் அனுப்பிய மருந்தோ!" என்றார்.

மருந்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அனுப்பியவர் யார் என்றே கேட்டார். இதே கேள்வியை 2003இல் வடக்கு நைஜீரியாவின் கானோ மாநிலமே கேட்டது. போலியோ சொட்டு மருந்தில் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பதாகக் கூறி, மாநில அரசே அதை நிறுத்தி வைத்தது. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. 1996இல் அங்கு மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஓர் அமெரிக்க நிறுவனம் 200 குழந்தைகளைக் கொண்டு புதிய மருந்தைச் சோதித்தது. பாதிப் பேருக்குப் புது மருந்தும் மீதிப் பேருக்குப் பழைய மருந்தும் தரப்பட்டன. இரு தரப்பிலுமாக 11 குழந்தைகள் இறந்தன. முறையான சம்மதம் பெறவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அந்தப் புண் ஆறுமுன்பே 2003 தேர்தல் வந்தது. தெற்கைச் சேர்ந்த கிறிஸ்தவரான ஒபசாஞ்சோ, வடக்கைச் சேர்ந்த முஸ்லிமான புகாரியை வென்று மீண்டும் அதிபரானார். கானோவிலோ புகாரியின் கட்சி ஆட்சி. அமெரிக்கா இராக்கின் மீது படையெடுத்ததும் அதே ஆண்டில்தான். மத்திய அரசு கொடுத்தனுப்பும் சொட்டு மருந்தை அம்மக்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

பல நாடுகளுக்கு வைரஸ் பரவியது. 2004 ஜூலையில், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்து வந்த பின்பே கானோ இணங்கியது. மாநில ஆளுநர் தம் சின்னஞ்சிறு மகளுக்கு மக்கள் முன்னிலையில் சொட்டு மருந்து கொடுக்கச் செய்தார். ஆனால் 2005இல் நைஜீரிய வகைக் கிருமி அதே இந்தோனேசியாவை எட்டிச் சுமார் 300 பேரை முடக்கியது; பெரும்பாலோர் குழந்தைகள். கானோவின் ஐயத்திற்கு ஜாவா தீவின் பிள்ளைகள் விலை கொடுத்தனர்.

பாகிஸ்தான் சிறையை நம்பியது. 2015இல் பெஷாவர்ப் பகுதியில் சொட்டு மருந்தை மறுத்த பெற்றோர் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாமையே வேடமாகப் பயன்படுத்தியிருந்தது. 2024இலும் அந்நாட்டில் 70க்கும் மேற்பட்டோர் போலியோவால் பாதிக்கப்பட்டனர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் செல்லும் வழியில், ஸர்ஃக் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டபோது உடனே ஆணையிட்டுவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்தார்கள், அன்சாரிகளை அழைத்தார்கள், பிறகு குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அதன் பின்னரே திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். "அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா?" என்ற பொருளில் அபூ உபைதா (ரலி) அவர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். அதற்கும் கலீஃபா பொறுமையோடு விடையளித்தார்கள்.

நம் ஊரில் பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை அந்த ஹாஜியாரை அசைக்கவில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பின், எங்கள் மஹல்லாவிலேயே பிறந்து வளர்ந்த மருத்துவர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு விடை சொன்னார். அதிகம் கேட்டவர் ஹாஜியார்தாம். மறுவாரம் பேரனைத் தாமே கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.