அம்மாவின் வளையலும் ஐயாயிரம் ரூபாய் சுற்றுலாவும்

ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் போதும், எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "லீவுக்கு எங்கம்மா போறோம்?" எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2024 மே மாதம் கொடைக்கானல் போனோம். என் கணவருக்குத் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. கையில் பணம் இல்லை. ஆனாலும் பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்க மனம் வராமல் என் இரண்டு வளையலை அடகு வைத்தோம். அங்கே போனால் சீசன் வாடகை! லாட்ஜில் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. கணக்குப் பார்த்துப் பார்த்து நானும் அவரும் சண்டை போட்டோம். பிள்ளைகள் தூங்குவதாக நினைத்துத்தான் பேசினோம். அவர்கள் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பள்ளி திறந்ததும் நான்காம் வகுப்புப் பையனுக்கு 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை கொடுத்திருந்தார்கள். நோட்டைப் புரட்டினேன். ஏரி, படகு, குதிரை எல்லாம் ஒரே வரி. அடுத்து எழுதியிருந்தான், "அங்கு மிகவும் குளிராக இருந்தது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை." டீச்சர் பத்துக்கு எட்டு மார்க் போட்டிருந்தார். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். வளையலை மீட்க எட்டு மாதம் ஆனது.

2025 பங்குனியில் எட்டாவது படிக்கும் என் மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "இந்த வருஷம் வளையலை வைக்காம போற மாதிரி இடமா பார்ப்போம்மா." அவர் காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபம் என்று பயந்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு! அதை மகளிடம் கொடுத்து, "நம்மகிட்ட ஐயாயிரம் இருக்கு பாப்பா. அதுக்குள்ள எங்க போலாம்னு நீங்க ரெண்டு பேரும் கணக்குப் போடுங்க" என்றார்.

பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் நாம் மறைக்கிறோம் என்று நினைப்பதுதான் நம் பைத்தியக்காரத்தனம்!

மகன் சொன்ன இடம் ராமேஸ்வரம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலத்தைத் திறந்ததை டி.வி.யில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. திருச்சியிலிருந்து காலையில் கிளம்பும் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பகல் பயணம், பெர்த் செலவு இல்லை.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். 5 வயது முடிந்து 12 நிறையாத குழந்தைக்குத் தனி பெர்த்தோ சீட்டோ கேட்டால் 2016-லிருந்து முழுக் கட்டணம். தனி இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பாதி. இதைத் தெரிந்துகொண்ட என் மகள், "அவனுக்கு அரை டிக்கெட் போதும், அப்பா மடியில உட்காரட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நான் என்ன பாப்பாவா?" என்று அவன் குதித்தான். கடைசியில் மிச்சமாகும் பணத்தில் அவனுக்கு ஐஸ்கிரீம் என்று ஒப்பந்தமானது! போக வர ரயில் செலவு ஆயிரத்தைத் தொடவில்லை.

தங்குவதற்கு ஒரு மடத்து அறையை முன்கூட்டியே போனில் சொல்லி வைத்தோம். ஏ.சி. கிடையாது. ஃபேன், சுத்தமான பாத்ரூம், கோயிலுக்கு நடக்கும் தூரம். இரண்டு இரவுக்கு ஆயிரத்து எண்ணூறு.

வழிக்கு இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துக்கொண்டேன். தயிர்சாதம் மே வெயிலில் புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்து, ஆறிய பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்தால் மதியம் திறக்கும்போது பதமாக இருக்கும். உப்பைச் சாப்பிடும்போது போட்டுக்கொண்டால் போதும்.

மண்டபம் தாண்டி ரயில் பாலத்தில் ஏறியதும் பெட்டியே அமைதியாகிவிட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் கடல்தான். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய பாலம். கப்பல் வந்தால் புதுப் பாலத்தின் நடுத் துண்டு, 72.5 மீட்டர் நீளம், அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்புமாம். மகன்தான் எனக்குப் பாடம் நடத்தினான். நான் பக்தியோடு இரண்டு ரூபாயைக் கடலில் போட்டேன். மகள் உடனே நோட்டை எடுத்து எழுதினாள்: 'கடலுக்கு - 2.00'. எதிர்ச் சீட்டுப் பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

அப்துல் கலாம் நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. தனுஷ்கோடிக்கு அரசு பஸ்ஸிலேயே போனோம். இடிந்த சர்ச்சும் ரயில் நிலையச் சுவர்களும் 1964 டிசம்பர் புயலுக்குச் சாட்சியாக நிற்கின்றன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அன்றிரவு கடல் கொண்டுபோனதை, நூறு பேருக்கு மேல் இறந்ததை அவர் சொல்லச் சொல்ல, மகன் தன் அப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அன்று ஐஸ்கிரீம் கூடக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்தான் சோதனை. வெயில் தாங்காமல் ஒரு ஆட்டோ பிடித்தோம். பேசியது ஒரு தொகை, இறங்கும்போது 'வெயிட்டிங்' என்று நானூறு ரூபாய் கூடக் கேட்டார். வாக்குவாதம் செய்தும் பலனில்லை, கொடுக்கும்படி ஆனது. கணக்குப் பிள்ளையான என் மகளுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. எனக்கோ போன வருஷத்து லாட்ஜ் அறை நினைவுக்கு வந்து நெஞ்சு படபடத்தது. இனி இவர் கத்துவார், நான் பதில் சொல்வேன்...

அவர் கத்தவில்லை. மகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இதுக்குத்தானே பாப்பா நீயே 'எதிர்பாராதது'ன்னு ஐநூறு ஒதுக்கி வெச்சே? அதுல எழுது. இன்னும் நூறு இருக்கு பாரு!" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ என்ன பார்க்கிற?" என்று வேறு கேட்டார். நான் என்ன சொல்ல!

அந்த ஐநூறு ரூபாய்ப் பத்தியை ஆரம்பத்தில் வேண்டாம் என்று சொன்னவளே நான்தான். ஐநூறுக்கு இன்னொரு வேளை நல்ல ஓட்டல் சாப்பாடு ஆகுமே என்பது என் கணக்கு.

மாமியாருக்கு ஒரு பாட்டில் தீர்த்தம், பிள்ளைகள் ஆளுக்கு நூறு ரூபாய்க்குச் சங்கும் பாசிமணியும் வாங்கியது போக, வீடு வந்து சேர்ந்தபோது நோட்டுக் கணக்கில் மிச்சம் 187 ரூபாய். அதை என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது தனிக்கதை.

ஜூனில் பள்ளி திறந்தது. நானும் தினம் மகனின் தமிழ் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுக்க முடியாமல், "ஏண்டா, இந்த வருஷம் சுற்றுலாக் கட்டுரை எழுதலையா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா... இந்த டீச்சர் கேக்கவே இல்ல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

- திருச்சி வாசகி