சுவரைக் கிள்ளி மூட்டும் தீ

நாகப்பாம்பின் விஷத்தைக் கினிப்பன்றியின் நுரையீரலுக்குள் செலுத்தி, அதிலிருந்து வடிந்து வந்த திரவத்தைக் குடல் துண்டொன்றின்மேல் சோதித்துப் பார்த்த பெல்ட்பெர்க், கெல்லவே என்னும் விஞ்ஞானிகள், அத்துண்டு ஹிஸ்டமின் என்னும் உடல் இரசாயனம் பட்டதைப் போலச் சட்டெனச் சுருங்கிச் சட்டெனத் தளராமல், மெல்ல மெல்ல இறுகி, இறுகிய பிடியை நெடுநேரம் விடாமலிருந்த விசித்திரத்தை 1938-இல் மெல்போர்னில் கண்டார்கள். இன்னதென்று தெரியாத அப்பதார்த்தத்துக்கு, 'மெதுவாக வினைபுரியும் பொருள்' என்று அதன் குணத்தையே பெயராகச் சூட்டினார்கள்.

அதன் குலம் கோத்திரம் வெளிப்பட நாற்பது ஆண்டுகள் ஆயின. ஸ்டாக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா நிலையத்தில் பெங்ட் சாமுவேல்சன் குழுவினர், உசுப்பிவிட்ட வெள்ளையணுக்கள் கொழுப்பிலிருந்து உண்டாக்கும் நுண்பொருள்களை ஆராய்ந்து, 1979-இல் அவற்றுக்கு லியூக்கோட்ரையீன் என்று நாமகரணம் செய்தார்கள். மெல்போர்ன் பதார்த்தமும் அந்த வம்சத்ததே என்பது அப்போது தெளிவாயிற்று. சாமுவேல்சனுக்கு 1982-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஹிஸ்டமின், குதிரில் கொட்டி வைத்த நெல்லைப் போல, உயிரணுவுக்குள் முன்னதாகவே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சரக்கு. லியூக்கோட்ரையீனோ, தேவை நேர்ந்த கணத்தில்தான் பிறக்கிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருளை அணு தன் சவ்வுச் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கிருமியோ ஒவ்வாப் பொருளோ தீண்டியவுடன் அணுவினுள் கால்ஷியம் பெருக, பாஸ்போலிப்பேஸ் என்ற நொதி சவ்விலிருந்து இருபது கரியணுக்கள் கொண்ட அராக்கிடானிக் அமிலத்தை வெட்டியெடுக்க, லிப்பாக்ஸிஜனேஸ் என்ற மற்றொரு நொதி அதில் பிராணவாயுவை ஏற்றுகிறது. அதன்பின் வழி இரண்டாகப் பிரிகிறது: நியூட்ரோபில் என்னும் வெள்ளையணு உண்டாக்கும் கிளை, சக அணுக்களைக் காயம் பட்ட இடத்துக்குக் கூவியழைக்கிறது, ஈஸினோபில் முதலியவை உண்டாக்கும் கிளை மூச்சுக்குழலை இறுக்குகிறது. இதில் நான் வியப்பது ஒன்று: நாக விஷத்திலும் பாஸ்போலிப்பேஸ் உண்டு. பாம்பு பகைவனின் சுவரை வெட்டுகிறது. வெள்ளையணு தன் சுவரையே வெட்டிக்கொள்கிறது.

ஆஸ்பிரின், லியூக்கோட்ரையீன் மூட்டும் இத்தீயைத் தணிக்காது. அது அடைப்பது, அதே அராக்கிடானிக் அமிலம் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேறொரு பொருளாக மாறும் பக்கத்து வாய்க்காலைத்தான். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அம்மாத்திரையே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அவர்களிற் பலர் இரவில் விழுங்கும் மாண்டிலூகாஸ்ட், வெள்ளையணு லியூக்கோட்ரையீனை உண்டாக்குவதில் கை வைப்பதே இல்லை. மூச்சுக்குழல் தசையில் லியூக்கோட்ரையீன் வந்து அமரவேண்டிய ஆசனத்தில், அது வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்கிறது.