கடல் கடந்த கல்வியும் முனிவர் கடனும்

யாழ்ப்பாணத்தின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே, நகுலேசுவரப் பெருமான் எழுந்தருளியிருக்கும் தலம் கீரிமலை. அங்கே உவர்க்கடலின் விளிம்பை ஒட்டியே நன்னீர் ஊற்றெடுத்துப் பாய்கின்றது. ஆடி அமாவாசையன்று குடாநாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அத்தீர்த்தக் கரையிலே கூடி, தம் தந்தையர்க்கு நீர்க்கடன் ஆற்றி மீளுவர். கடல் கடந்து வாழ்வோரும் விடுமுறையில் ஊர் வந்தவிடத்து அக்கடனை மறவாது செய்தல் கண்கூடு.

ஒருவன் பிறக்கும்போதே மூன்று கடன்களுடன் பிறக்கின்றான் என நம் பழைய நூல்கள் கூறும். தேவர் கடன் வேள்வியாலும், பிதிர் கடன் மக்கட்பேற்றாலும் நீர்க்கடனாலும், முனிவர் கடன் கல்வியாலும் தீர்வன. கல்வி என்றவிடத்துத் தான் கற்றலோடு பிறரைக் கற்பித்தலும் அடங்கும் என்று கோடலே பொருத்தம். பெற்ற அறிவைத் தன்னோடு மடியவிடாது அடுத்த தலைமுறைக்கு ஈவதே அக்கடன் தீர்க்கும் நெறி. பிதிர் கடனுக்குக் கீரிமலை உண்டு. முனிவர் கடனுக்குக் கரை யாது? இக்காலத்துப் பல்கலைக்கழக மாணாக்கர்க்குப் பிறநாட்டுக் கல்வி வாய்ப்புகள் பலவாகத் திறந்துள்ளன. ஆதலின், இவ்வினா ஆராய்தற்குரியதாகின்றது.

அறிவு நாடிக் கடல் கடத்தல் இந்நாட்டுக்குப் புதிதன்று. கீரிமலைக்கு மேற்கே மாதகலை அடுத்துள்ள சம்பில்துறையே, சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் வந்திறங்கிய சம்புகோளப் பட்டினம் என்பர். கி. பி. 399இல் சீனத்தினின்றும் புறப்பட்ட பாகியன் என்னும் துறவி ஈழத்திலே ஈராண்டு தங்கி நூல்களைப் பெற்றுச் சென்றார். அவர்க்குப் பின் வந்த யுவான் சுவாங் நாளந்தாவிலே பயின்று, 645இல் தம் நாடு மீண்டு, 664இல் இறக்கும்வரை தாம் கொண்டுசென்ற வடமொழி நூல்களைச் சீனமொழியிற் பெயர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவர் சென்ற வழியினும் சென்று மீண்டபின் செய்த பணியே பெரிது. பிறநாட்டுக் கல்வியை அளக்கும் கோல் இதுவே எனலாம்.

அண்மைக் காலத்துக்கு வருவோமாயின், மேனாட்டுக் கல்வி யாழ்ப்பாணத்தில் ஊன்றிய இடங்களுள் ஒன்று கீரிமலைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள தெல்லிப்பழையாகும். 1816இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த தானியேல் பூவர் அங்கே தம் பணியைத் தொடங்கினார். 1823இல் அவர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் தத்துவமும் அங்கே கற்பிக்கப்பெற்றன. மாணாக்கர் கடல் கடவாமலே கடலுக்கு அப்பாலுள்ள கலைகள் அவர்தம் வாயிலுக்கு வந்தன. அக்கல்வியின் நோக்கம் மதமாற்றமும் ஆகும் என்பது மறைத்தற்குரியதன்று. 1855இல் அச்செமினரி மூடப்பட்டது. எனினும் அது தூவிய வித்துகள் வெவ்வேறு நிலங்களில் முளைத்தன.

வந்த கல்வியை எவ்வாறு எதிர்கொள்வது என்பதற்கு ஆறுமுக நாவலர் காட்டிய வழி தனிச்சிறப்புடையது. பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே ஆங்கிலம் பயின்று, பின் அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நாவலர், அம்முறையின் ஆற்றலை உள்ளிருந்தே கண்டார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். பிறர் கருவியை வெறுத்து ஒதுக்கினாரல்லர். அதற்கு அடிமைப்பட்டாரும் அல்லர். கருவியைக் கைக்கொண்டு பயனைத் தம் மக்களுக்கு ஆக்கினார். சைவக் கல்லூரிகள் பல பின்னாளில் எழுதற்கு அடிப்படை இதுவேயாம்.

அடுத்த நிலையில், கல்வி பரீட்சை வடிவிலே கடல் கடந்தது. சென்னைச் சர்வகலாசாலை 1857இல் தோன்றிய ஆண்டிலேயே நடத்திய முதற் பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியோர் இருவர். சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்னும் அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். சிறுப்பிட்டியிலே பிறந்த தாமோதரம்பிள்ளை தமிழ்நாட்டில் உயர்பதவிகள் வகித்தவர். எனினும் அவர் பெயர் இன்று நிலைபெற்றிருப்பது பதவியால் அன்று. செல்லரித்து அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்து உலகுக்கு ஈந்தமையாலேயே அது நிலைத்தது. மேனாட்டு முறையிற் பெற்ற பயிற்சியை, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தேரும் பணியிலே செலுத்தினார். முனிவர் கடனை அவர் தீர்த்தவாறு இஃதாகும்.

பிறநாட்டு அறிவு தாய்மொழியிற் புகுந்தாலன்றி ஊருக்குப் பயன்படாது என்பதை வந்தவருள்ளும் ஒருவர் உணர்ந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மாணாக்கரைத் தமிழ்மொழியிலேயே வைத்தியம் பயிற்றினார். உடற்கூறும் இரணவைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாயின. ஏறத்தாழ அதே காலத்தில் யப்பானியர் இதனை நாடளாவச் செய்தனர். 1871இல் இவக்குரா தலைமையில் மேனாடு சென்ற தூதுக்குழுவுடன் மாணாக்கரும் சென்றனர். தோக்கியோவிலே பிறநாட்டு ஆசிரியர் கற்பித்த இடங்களில், பயின்று மீண்ட யப்பானியர் படிப்படியாக அமர்ந்தனர். கற்றவர் மீண்டமையும், கல்வி தாய்மொழிக்கு மாறியமையும் அந்நாட்டின் ஏற்றத்துக்குப் பெருந்துணையாயின. கிறீன் தொடங்கிய முயற்சியோ அவர் சென்றபின் தளர்ந்தது.

இனி, வெளிவாரிப் பட்டம் பற்றிக் கூறுவாம். இலண்டன் சர்வகலாசாலை 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, தன் கல்லூரிகளிற் பயிலாதாரும் பரீட்சைக்குத் தோற்றலாம் என வழிதிறந்தது. கப்பற் பயணத்துக்குப் பொருள் இல்லாதார்க்கும், குடும்பப் பாரந் தாங்கிய ஆசிரியர்க்கும் அது பெருவாயிலாயிற்று. 1921இல் கொழும்பிலே தோன்றிய யூனிவர்சிற்றிக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை, தன் மாணாக்கரை இலண்டன் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. பகலிற் பாடசாலையிற் கற்பித்து இரவில் விளக்கொளியில் கற்ற ஆசிரியர் எத்துணையர்! விரிவுரை கேட்கும் பேறும் நிறைந்த நூலகமும் அவர்க்கு வாய்த்தில. வாய்த்தது பாடத்திட்டமும் விடாமுயற்சியுமே.

அம்மரபின் மணிமுடி விபுலாநந்த அடிகள். காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனார் 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதரானார். யாழ்ப்பாணத்திலே ஆசிரியப்பணி புரிந்துகொண்டே 1920இல் இலண்டன் பீ. எஸ்ஸி. பட்டம் பெற்றார், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். பின் துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் அரங்கேறிய யாழ்நூலிலே, மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களின் நரம்பமைப்பை ஒலிநூலும் கணிதமும் துணையாக ஆராய்ந்துள்ளார். இலண்டன் பாடத்திட்டத்திற் பெற்ற பெளதிக அறிவும் மதுரையிற் பெற்ற இலக்கியப் புலமையும் ஒருவர் நெஞ்சிலே கலந்தமையாலன்றோ அந்நூல் பிறந்தது! வெளிவாரிப் பட்டம் இரண்டாந்தரமானது என்று எண்ணுவோர்க்கு அடிகள் வாழ்வே விடையாகும்.

கடல் கடந்து சென்றே கற்றவருள் தனிநாயக அடிகள் தலைசிறந்தவர். ஊர்காவற்றுறைக் கரம்பொனைச் சேர்ந்த அவர் உரோமாபுரியில் சமயக் கல்வியும், அண்ணாமலையில் தமிழும் பயின்று, 1957இல் இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். பழந்தமிழ்ச் சான்றோரின் கல்விச் சிந்தனையே அவர் ஆராய்ச்சிப் பொருள். 1952இல் ‘தமிழ்க் கலாசாரம்’ எனப் பொருள்படும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964இல் புதுடில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுதற்கு முன்னின்று, 1966இல் கோலாலம்பூரிலே முதல் மாநாட்டை நடத்தினார். 1974இல் நான்காம் மாநாடு யாழ்ப்பாணத்திலே கூடியபோது உலகின் அறிஞர் பலர் இம்மண்ணை நாடி வந்தனர். இறுதி நாளின் துயரத்தை யாழ்ப்பாணம் மறவாது. ஆயினும், போய்ப் பயில்வோராக மட்டும் இருந்த நிலைமாறி, பிறர் வந்து பயிலத்தக்க பொருளும் எம்மிடம் உண்டு என்பதை அம்மாநாடு நிலைநாட்டியது.

1974இலேயே, பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவரக் கல்லூரி வளவிலே யாழ்ப்பாண வளாகம் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் மாணாக்கர்க்கு இன்றுள்ள வாய்ப்புகளை நான்காக வகுக்கலாம். பட்டம் பெற்றபின் பிறநாடு சென்று மேற்பட்டம் பயிலல் ஒன்று. பட்டப்படிப்பினிடையே சில மாதம் பிறிதொரு பல்கலைக்கழகத்திற் பயின்று மீளும் பரிமாற்றம் இரண்டு. வீட்டிலிருந்தே பயிலும் தொலைக்கல்வி மூன்று. பழைய வெளிவாரி முறை இணையத்தால் விரிவுற்ற வடிவமே இது. பிறநாட்டு ஆய்வாளரோடு கூட்டாராய்ச்சி செய்தலும் மாநாடுகளிற் கட்டுரை வாசித்தலும் நான்கு.

முதல்வகைக்கு உதவும் புலமைப்பரிசில்கள் பல. 1950இல் கொழும்பிற் கூடிய மாநாட்டிலே கருக்கொண்டு, 1951இல் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டம் நம் நாட்டின் பெயரையே தாங்கியது. 1952 முதல் இலங்கையில் இயங்குவது அமெரிக்கப் புல்பிறைட் திட்டம். 1959இல் ஒக்ஸ்போட்டிலே வகுக்கப்பெற்றது பொதுநலவாயப் புலமைப்பரிசில். பிரித்தானியாவின் செவனிங், ஐரோப்பாவின் எறாஸ்மஸ் முண்டஸ் என்பனவும், இந்திய, யப்பானிய அரசுகள் வழங்குவனவும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கன. இவற்றுள் ஒரு நுட்பம் காண்க. செவனிங் பெற்றோரும் புல்பிறைட் பெற்றோரும் படிப்பு முடிந்தபின் ஈராண்டேனும் தாய்நாட்டில் வாழ்தல் வேண்டும் என்பது விதி. சம்பளத்துடன் படிப்புவிடுமுறை பெற்றுச் செல்லும் நம் பல்கலைக்கழக விரிவுரையாளரும், மீண்டு பணியாற்றுவதாகப் பிணைமுறி எழுதிக் கொடுத்தே செல்வர். முனிவர் கடன் என நம் முன்னோர் கூறியதனையே இவ்விதிகள் சட்டமொழியிற் கூறுகின்றன.

விண்ணப்பிப்போர் அறிய வேண்டுவன சில. முதலாம் ஆண்டுப் பெறுபேறுகளே பின்னர்ச் சான்றாகுமாதலின், இறுதியாண்டில் முயன்றாற் போதும் என்று இருத்தல் தவறு. ஆங்கிலப் புலமைப் பரீட்சைக்கு ஓராண்டு முன்னரே ஆயத்தஞ் செய்தல் நலம். சிபாரிசுக் கடிதம் தரும் ஆசிரியர் மாணாக்கனை நன்கறிந்தவராதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, ‘யாது கற்கப் போகின்றாய்? அதனால் உன் நாட்டுக்கு யாது பயன்?’ என்னும் இரு வினாக்களுக்குத் தெளிவான விடை வேண்டும். தன் ஊரை அறியாதவன் இரண்டாம் வினாவிலே தடுமாறுவான். குடாநாட்டு நிலத்தடி நீரையோ கரையோர மீன்பிடியையோ போருக்குப் பிந்திய மனநலத்தையோ நேரிற் கண்டு சிந்தித்தவனுக்கு விடை எளிதில் வரும். தரகர் சொற்கேட்டுக் காணியை ஈடுவைத்துப் பெயரறியாத கல்லூரிக்குச் செல்லுதல் கல்வியும் அன்று, முதலீடும் அன்று. அது குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் வழியாகவும் முடியும்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘1983க்குப் பின் சென்றவர் பலர் மீளவில்லையே, மீளற்கு வீடேனும் இருந்ததா?’ என்பர். அஃது உண்மையே. 1990இல் கீரிமலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வெறுமையாயின. மக்கள் மீளுதற்குப் பல்லாண்டு சென்றது. அத்தகைய காலத்திற் சென்றவரைக் குறைகூறல் அறமன்று. ஆயின், உடல் மீளுதல் ஒன்றே கடன் தீர்க்கும் வழியன்று. தனிநாயக அடிகள் மலாயாவிலே பேராசிரியராயிருந்தே தமிழுக்குப் பணிசெய்தார். இன்று பிறநாட்டில் வாழும் அறிஞர் ஒருவர், யாழ்ப்பாணத்து மாணாக்கனின் ஆய்வை இணையவழி மேற்பார்க்கலாம்; ஆண்டுக்கொருமுறை வந்து விரிவுரை நிகழ்த்தலாம்; தம் துறை நூலொன்றைத் தமிழில் ஆக்கலாம். 2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. நாவலர் காலத்துக் கடல்வழி அதனால் மீண்டும் நினைவுக்கு வந்தது.

கீரிமலை ஊற்றின் இயல்பை நோக்குக. குடாநாட்டில் வற்றாத ஆறு யாதும் இல்லை. உள்நிலத்தில் பெய்யும் மாரி சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியே நடந்து, கடலோரத்தில் ஊற்றாய் எழுகின்றது. மேலிருந்து பெய்யும் வரையிலேதான் ஊற்று ஓடும். பெய்வதினும் மிகுதியாக இறைத்தால் நன்னீர் குன்றும். அது குன்றிய இடத்தில் உவர்நீர் ஏறும். கிணறுகள் உவர்த்துப்போன ஊரார் இதனை நன்கறிவர். கல்வியும் அத்தகையதே. ஊரின் இலவசக் கல்வியிலே வளர்ந்த அறிவு இடையறாது வெளியே செல்ல, அங்கிருந்து யாதும் திரும்பாதாயின், எஞ்சுவது உவரே.

ஆதலின், வாய்ப்பு வந்துழிச் செல்லுதல் வேண்டும்; அஞ்சுதல் வேண்டா. செல்லுமுன் தன் மொழியையும் ஊரையும் அறிந்து செல்லுதல் வேண்டும். சென்றபின், பெற்றதில் ஒரு பகுதியை எவ்வழியானும் பின்வருவார்க்கு ஈதல் வேண்டும். பிதிர் கடனை ஆற்றக் கீரிமலைத் துறை ஒன்றே அமையும் என்பார் உளர். முனிவர் கடனுக்கோ, ஒரு மாணாக்கன் ஆவலுடன் அமர்ந்து கேட்கும் வகுப்பறை எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் துறை உண்டு.