உரோமாபுரியில் முதல் நாள்

முதன்முறை காண வருவோரைத் திகைக்க வைப்பதில் ஐரோப்பிய நகரங்களுள் உரோமாபுரிக்கு இணை சொல்வது அரிது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தூணும் நேற்றுத் திறந்த காப்பிக் கடையும் அங்கே ஒரே தெருவில் எதிரெதிராக நிற்கின்றன. துணையின்றிச் சென்ற ஒருவர் காலையில் விடுதியை விட்டு வெளியே வந்ததும், எதைக் காண்பது, எதை விடுவது என்று மயங்குவது இயல்பே. வழிகாட்டியின் பின்னே கூட்டமாகச் செல்வோருக்கு இம்மயக்கம் இல்லை. ஆயின், விரும்பிய இடத்தில் விரும்பிய அளவு நிற்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. தனியே செல்பவருக்கு அவ்வுரிமை உண்டு. அதைக் கொண்டு அவர் ஒரே ஒரு வினாவுக்கு விடை தேடலாம். ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த கட்டடங்களுள் சில முழுமையாக நிற்கின்றன. சில இடிந்து கிடக்கின்றன. இஃது ஏன்?

மாணவர்களே, அப்பயணியுடன் நாமும் நடப்போம். வத்திக்கானை இன்று விட்டுவிடுவோம். அதற்குத் தனியே ஒரு நாள் வேண்டும். இன்றைய நடை மூன்று கிலோமீட்டருக்கு மேல் இராது.

வெயில் ஏறுமுன் கொலோசியம் என்னும் பேரரங்கை அடைவது நலம். நுழைவுச் சீட்டை முன்னரே பதிவு செய்யாதவர் நெடிய வரிசையில் நிற்க நேரும். வெஸ்பாசியன் என்னும் பேரரசன் தொடங்கிய இவ்வரங்கை அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்தான். நீள்வட்ட வடிவம்; நீளம் 188 மீட்டர், அகலம் 156 மீட்டர். கீழ்த்தளத்தில் இருந்த வளைவு வாயில்கள் 80. எஞ்சியுள்ள சிலவற்றின் தலைமேல் உரோமானிய எண்களை இன்றும் படிக்கலாம். எந்த வாயிலில் நுழைவது என்பதை எண்ணால் அறிந்து பல்லாயிரவர் உள்ளே சென்று அமர்ந்தனர். அமர்ந்து அவர்கள் கண்டது மனிதரும் விலங்கும் மடிந்த காட்சி என்பதையும் மறத்தற்கில்லை.

சுவரை அணுகிப் பார்த்தால் அம்மை வடுப்போல் எங்கும் குழிகள் தெரியும். கற்களைப் பிணைத்திருந்த இரும்பை இடைக்காலத்து மக்கள் தோண்டி எடுத்த தடங்கள் அவை. 1349-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தென்புற வெளிச்சுவர் சரிந்தது. விழுந்த கற்கள் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் சென்றன. காட்சிகள் நின்றுபோன பின், ஊரின் நடுவே கிடந்த கற்குன்றாகவே அவ்வரங்கு கருதப்பட்டது. அதைக் கிறித்தவத் தியாகிகளின் புனித இடம் எனப் பதினெட்டாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் அறிவித்த பின்னரே அதற்குக் காவல் கிடைத்தது.

அரங்குக்கு மேற்கே, அன்றைய அரசியலும் வாணிகமும் நடந்த ஃபோரம் என்னும் பொதுவெளி விரிகின்றது. அதன் புனித வீதியில் நடக்கும் தமிழ் மாணவன் வலப்புறத்தில் மாக்சென்டியசின் பெருமண்டபத்தருகே சற்று நிற்க வேண்டும். அம்மண்டபம் எழுமுன் அங்கே டொமீஷியன் கட்டிய மிளகுப் பண்டகசாலை இருந்தது. சேரநாட்டு முசிறியில் யவனர் மரக்கலங்கள் ஏற்றிச் சென்ற மிளகைச் சங்கப் பாடல்களில் படிக்கிறோம். அத்தகைய சரக்கு வந்து சேர்ந்த முகவரி இது.

இன்னும் சில அடி சென்றால் அன்டோனைனஸ், ஃபாஸ்டினா இருவர்க்கும் உரிய கோயில். மறைந்த மனைவிக்காகப் பேரரசன் எடுத்தது. அதன் தூண்களுக்குப் பின்னே உள்ள பழைய கதவு, ஏறிச் செல்லப் படியே இன்றி அந்தரத்தில் தொங்குவதுபோல் நிற்கும்! பயணி இதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. விளக்கம் எளிது. நூற்றாண்டுகள் தோறும் வெள்ளம் கொணர்ந்த மண்ணும் இடிபாடும் குவிந்து தரை உயர்ந்தது. ஃபோரம் மாடு மேயும் வெளியாகி, 'பசுக்களின் வயல்' என்றே பெயர் பெற்றது. கோயில் தேவாலயமாக மாறியபோது, அன்றைய தரைக்கு ஏற்பக் கதவை வைத்தனர். பின்னர் அகழ்வாளர் மண்ணை நீக்கிப் பழைய தரையைக் கண்டனர். கதவு மேலே நின்றுவிட்டது. சுற்றிலும் இருந்த கோயில்கள் இரண்டு மூன்று தூண்களாகக் குறைந்திருக்க, இது மட்டும் உருக்குலையாமல் நிற்பது ஏன் என்பதற்கும் விடை அதுவே: உள்ளே வழிபாடு நடந்தது.

நண்பகலில் தாகம் எடுக்கும். விலைக்குத் தண்ணீர் வாங்க வேண்டுவதில்லை. 1874 முதல் தெருக்களில் வைக்கப்பட்ட இரும்புக் குழாய்களில் நல்ல நீர் இடையறாது ஒழுகுகின்றது. குழாயின் வளைவைக் கண்டு ஊரார் அதற்குப் 'பெருமூக்கன்' என்று பெயரிட்டனர். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துளை வழியே நீர் வாய்க்கு நேராகப் பீச்சும். கூட்டத்தில் குனிந்து நீர் அருந்துகையில் சட்டைப்பையின் மேல் ஒரு கை இருக்கட்டும். தனியே செல்பவரின் பணப்பையைக் காக்க வேறொருவர் இல்லை.

அருகிலுள்ள காப்பிட்டோலியக் குன்றின் சதுக்கத்தை வகுத்தவர் மைக்கலாஞ்சலோ. அங்கே குதிரைமேல் அமர்ந்த மார்க்கஸ் அரேலியசின் வெண்கலச் சிலையைக் காணலாம். இன்று வெளியில் நிற்பது படி, மூலம் அருங்காட்சியகத்தில் உள்ளது. பழைய வெண்கலச் சிலைகளுள் மிகப் பல உருக்கப்பட்டன. இது தப்பியது, கிறித்தவத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைனின் சிலை என்று மக்கள் தவறாக எண்ணியதனால். குன்றின் ஓரத்தில் 1911-இல் திறக்கப்பட்ட வெண்ணிற நினைவு மண்டபம் கண்ணைப் பறிக்கும். என் கண்ணுக்கு அது உவப்பாயில்லை, விரைந்து கடப்போம்.

மாலையில் காண வேண்டியது பான்தியன். ஏறத்தாழ கி.பி. 126-இல், ஹேட்ரியன் காலத்தில் நிறைவுற்றது. உள்ளே நுழைந்ததும் பேச்சு தானே அடங்கும். குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்குச் சற்று மேல். தரையிலிருந்து உச்சிவரை உள்ள உயரமும் அதுவே. ஆகவே முழுப் பந்து ஒன்றை உள்ளே வைக்கலாம். இரும்புக் கம்பி சேர்க்காத கான்கிரீட்டுக் குவிமாடங்களுள் உலகிற் பெரியது இன்றும் இதுவே. அடியிற் கனமான கல்லும், மேலே செல்லச் செல்ல இலேசான கல்லும், உச்சியில் நீரில் மிதக்கும் எரிமலை நுரைக்கல்லும் கலந்து கட்டினர். சுவரின் கனத்தையும் படிப்படியாகக் குறைத்தனர். உச்சியில் திறந்த வட்டக் கண் ஒன்றுண்டு. அதன் வழியே வெயில் உள்ளே இறங்கி, பொழுதுக்கேற்பச் சுவரில் நகரும். மழையும் இறங்கும், தரையிலுள்ள சிறு துளைகள் அந்நீரை வடிக்கும்.

காலையில் கேட்ட வினாவுக்கு இங்கேதான் விடை முழுமை பெறுகின்றது. கி.பி. 609-இல் இக்கோயில் தேவாலயமாயிற்று. அன்றுமுதல் கூரையில் ஒழுக்கு விழுந்தால் அடைக்க ஒருவர் இருந்தார். ஆயினும் காவலரே கை வைத்ததும் உண்டு. முகமண்டபத்து வெண்கலத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் எட்டாம் அர்பன் கழற்றிக்கொண்டார். ஓவியர் ரபேல் இங்கே உறங்குகின்றார். 2023 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.

முகப்பில் பெரிய எழுத்துகளில் இருப்பது ஹேட்ரியன் பெயரன்று. அக்ரிப்பா என்னும் படைத்தலைவன் பெயர். அவன் கட்டிய முதற்கோயில் எரிந்தது. புதிதாக எடுத்தோர் பழைய பெயரையே பொறித்தனர். அங்கிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால், 1762-இல் நிறைவுற்ற ட்ரெவி நீரூற்று. நீரில் காசு எறிய அங்கே எப்பொழுதும் கூட்டம். அக்காசு திரட்டப்பட்டு ஏழைகளுக்குப் பயன்படுகின்றது. அவ்வூற்றுக்கு நீர் தரும் கால்வாயை முதலில் கி.மு. 19-இல் வெட்டுவித்தவன் அதே அக்ரிப்பா. பெரும்பகுதி நிலத்தடியில் ஓடியதால், 537-இல் கோத்தியர் கால்வாய்களைத் துண்டித்த பின்னும் இதைச் செப்பனிட முடிந்தது. பலமுறை பழுது பார்க்கப்பட்டு அது இன்றும் ஓடுகின்றது. கால் கடுக்க நடந்த பயணி, பக்கத்திலுள்ள சிறு குழாயில் கையேந்தி அந்நீரைப் பருகிவிட்டு விடுதிக்குத் திரும்பலாம்.