மலரும் மரபும் – 14: தாயாருக்கு எந்தப் பூ?

மணமாலைகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, அங்கே பூக்களைத் தேர்ந்தெடுக்கப் பெரியவர்களின் சொல்லும் ஊர் வழக்கமும் துணை நிற்கின்றன என்று குறிப்பிட்டேன். பெற்ற தாயாருக்கு ஒரு பூவைப் பரிசாகக் கொடுக்க நினைக்கும் மகனுக்கோ மகளுக்கோ அத்தகைய துணை ஏதும் இல்லாமையால், கடைக்காரர் எடுத்து நீட்டும் பூங்கொத்தையும் அதில் செருகியிருக்கும் அர்த்தக் குறிப்பையும் நம்பி வாங்கிவந்துவிடுகிறோம். இளஞ்சிவப்பு ரோஜா நன்றிக்கு, வெள்ளை லில்லி தூய்மைக்கு என்று சொல்லும் அக்குறிப்புகள், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளுக்காக அச்சிடப்பட்ட மலர்மொழிப் புத்தகங்களின் வழிவந்தவை. 1819ஆம் ஆண்டு பாரிஸில் சார்லட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் வெளிவந்த நூல் அவற்றுள் மிகப் பிரசித்தமானது. பின்னால் வந்தவை ஒரே பூவுக்கு ஒன்றுக்கொன்று முரணான அர்த்தங்களைக் கற்பித்தன. தாயாருக்குரிய பூவை அவருடைய வாழ்க்கையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அன்னையர் தினம் பிறந்த வரலாறே அதற்குச் சாட்சி.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கிராஃப்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற மாது, தாம் பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர்; அந்தத் துக்கத்தில் ஒடுங்கிவிடாமல், சுற்று வட்டாரத்துத் தாய்மார்களைச் சங்கங்களாகத் திரட்டி, சுத்தமும் சுகாதாரமும் குழந்தைகளின் உயிரைக் காக்கும் என்பதை 1850களின் பிற்பகுதியிலேயே வீடு வீடாகப் பரப்பியவர்; உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் பேதமின்றிப் பணிவிடை செய்யும்படி அச்சங்கங்களை நடத்தியவர். 1905ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானார். மகள் அன்னா ஜார்விஸ், 1908ஆம் ஆண்டு மே 10ஆந் தேதி, தாயார் நெடுங்காலம் சிறுவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் சொல்லிக்கொடுத்த தேவாலயத்திலே நினைவு ஆராதனை ஒன்றுக்கு ஏற்பாடு செய்து, அதற்கு வருபவர்களுக்குக் கொடுக்க 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். ஏன் கார்னேஷன் என்றால், தாயாருக்கு அது மிகவும் பிரியமான பூ. இதழ்களை உதிர்த்துவிடாமல் நெஞ்சோடு அணைத்தபடியே வாடும் அதன் இயல்பைத் தாயன்புக்கு ஒப்பிட்டு அன்னா பின்னாளில் விளக்கம் சொன்னதுண்டு. ஆனால் விளக்கம் பிந்தியது, பிரியமே முந்தியது.

1914இல் ஜனாதிபதி உட்ரோ வில்சன், மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் தினமாகப் பிரகடனம் செய்தார். வெள்ளைக் கார்னேஷனுக்குக் கிராக்கி மிகுந்து விலை ஏறியது. தாயார் உயிரோடிருப்பவர்கள் சிவப்புப் பூவும், இழந்தவர்கள் வெள்ளைப் பூவும் அணிய வேண்டும் என்ற வழக்கத்தைப் பூ வியாபாரிகள் ஊக்குவித்தார்கள். தம் தாயாரின் ஞாபகம் சந்தைச் சரக்காகிவிட்டதைக் கண்டு மனம் கொதித்த அன்னா ஜார்விஸ், 1925இல் பிலடெல்ஃபியாவில் ஒரு சங்கத்தார் நிதிக்காகக் கார்னேஷன் விற்றதை ஆட்சேபித்து அவர்கள் கூட்டத்திற்குள் புகுந்து, அமைதியைக் குலைத்ததாகக் கைது செய்யப்பட்டார். தாம் தோற்றுவித்த தினத்தைத் தாமே ஒழிக்கப் பாடுபட்டு, 1948இல் ஒரு மருத்துவ விடுதியில் காலமானார். அவருடைய கோபத்தைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது. ஒரு தாய் விரும்பிய பூவை, விருப்பத்தைக் கேளாமலே மற்றெல்லாத் தாய்மார்களின் கையிலும் திணிப்பது, அந்த ஒருத்திக்கும் மரியாதையாகாது, மற்றவர்களுக்கும் ஆகாது.

தாய்லாந்தில் அரசி சிறிகித்தின் பிறந்த நாளான ஆகஸ்ட் 12ஆந் தேதி அன்னையர் தினம். அன்று பிள்ளைகள் தாயாரை வணங்கி மல்லிகை கொடுக்கிறார்கள். பழைய சீனத்திலோ, நெடும்பயணம் புறப்படும் மகன், கவலையை மறக்கச் செய்வதாகக் கருதப்பட்ட ஒருவகை லில்லிச் செடியைத் தாயாரின் அறைக்கு வெளியே நட்டுவிட்டுப் போவது மரபு என்பார்கள். பிள்ளை அருகில் இல்லாத காலத்தையும் எண்ணிப் பார்த்துக் கொடுத்த பரிசாகையால் இது என் மனத்தை மிகவும் கவர்கிறது.

நம் வீட்டுக்கு வருவோம். "அம்மா, உனக்கு எந்தப் பூ பிடிக்கும்?" என்று நேரே கேட்டால், "எதுவா இருந்தா என்னடா!" என்ற பதில்தான் வரும். சுவாமிக்கும் பெண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் பகிர்ந்து கொடுத்து மிஞ்சியதைத் தலையில் வைத்துப் பழகியவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆகையால், அவர் பிறந்த வீட்டுக் கொல்லையில் என்னென்ன மரம் செடிகள் இருந்தன என்று பேச்சைத் தொடங்குவது உத்தமம். விடியற்காலையில் பவழமல்லி பொறுக்கியதையோ, பின்னலில் தாழம்பூ வைத்துத் தைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டதையோ, மனோரஞ்சிதம் எங்கே மறைந்திருக்கிறது என்று வாசனையைக் கொண்டே தேடியதையோ அவர் சொல்லத் தொடங்கினால், வாங்கவேண்டிய பூ இன்னதென்று தெரிந்துவிடும். மல்லிகைதான் பிரியம் என்றால், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியேயானாலும், வெயில் ஏறுமுன் பறித்த இறுகிய மொட்டாகப் பார்த்து வாங்கவேண்டும். அந்தி சாய்ந்ததும் அவர் கண்ணெதிரே அது மலரும். கட்டின சரத்தைவிட உதிரிப் பூவே மேல். வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு தம் கையாலேயே நெருக்கமாகத் தொடுப்பதில் நம் தாய்மார்களுக்கு உள்ள ஆனந்தத்தைக் கடைச் சரம் பறித்துவிடுகிறது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை பன்மடங்காகும். அப்போது அதை வாங்கிவந்தால், விலையைக் கேட்ட தாயாருக்கு வாசனை பிடிக்காது. டிசம்பர் பூவும் சாமந்தியும் அந்த மாதங்களுக்கு உரியவை.

இனி, சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயம். கணவரை இழந்த தாயாருக்கு என்ன பூ வாங்குவது? புடவை வாங்குகிறோம், பழம் வாங்குகிறோம். பூக்கடையைக் கடக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறோம். பூவும் பொட்டும் கணவனோடு போய்விடும் என்ற சம்பிரதாயத்தில் நான் எள்ளளவும் நியாயம் காணவில்லை. நினைவு தெரியாத பருவத்திலேயே தாயும் பாட்டியும் சூட்டிய பூவை, இடையில் வந்த ஒரு பந்தம் முறிந்ததென்று பறிப்பது கொடுமை. வேறு பெயர் அதற்கு இல்லை. ஆயினும், நம்முடைய சீர்திருத்த ஆவேசத்தில் நாலு பேர் நடுவே அவர் தலையில் பூவைச் சூட்டப் போவதும் தவறே, ஏனென்றால் அந்தத் தீர்மானம் அவருடையது. கையில் கொடுக்கலாம். அதைவிட, ஒரு குண்டுமல்லிச் செடியைத் தொட்டியில் வைத்து, நல்ல வெயில் படும் இடத்தில் இருத்திக் கொடுக்கலாம். கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனி முதல் பூக்கத் தொடங்கும். பூத்தவற்றைச் சுவாமி படத்துக்கு வைப்பதா, பேத்திக்குச் சூட்டுவதா, தாமே வைத்துக்கொள்வதா என்பதில் பிள்ளைகளோ உறவினரோ அபிப்பிராயம் சொல்ல வேண்டியதில்லை.

(தொடரும்)