வௌவாலுக்கும் உண்டு மாதவிடாய்

அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பங்குனி, சித்திரையில் பழம் பழுத்துத் தொங்கும். பொழுது சாய்ந்தால் பழந்தின்னி வௌவால்கள் வந்து இறங்கும். அந்த வௌவால் குடும்பத்தில், இந்தியாவில் பரவலாக வாழும் ஓர் இனத்துக்கு நம் வீட்டுப் பெண்களைப் போலவே மாதவிடாய் வருகிறது. சீன ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து 2007-இல் வெளியிட்டார்கள்.

பூமியில் 6,000-க்கு மேற்பட்ட பாலூட்டி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மாதவிடாய் வருவது மனிதருக்கும், குரங்கினங்கள் பலவற்றுக்கும், சில வௌவால்களுக்கும், ஆப்பிரிக்காவில் உள்ள யானை மூஞ்சூறுக்கும், முதுகில் முள்மயிர் கொண்ட ஒருவகை எலிக்கும்தான். பசுவுக்கும் நாய்க்கும் சினைப் பருவத்தையொட்டி ரத்தம் கசிவதைப் பார்த்திருப்போம். அது வேறு. அங்கே கருப்பையின் உட்சவ்வு உரிந்து வெளியேறுவதில்லை.

பசுவின் கருப்பை, கரு வந்து சேர்ந்து சேதி சொன்ன பிறகுதான் தன்னைப் பெரிதாக மாற்றிக்கொள்ளும். மனிதப் பெண்ணின் கருப்பை அதற்காகக் காத்திருப்பதில்லை. கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் பேச்சைக் கேட்டு உட்சவ்வை முழுதாக மாற்றி வைக்கிறது. காரணம், மனிதக் கரு பெரும்பாலான விலங்குகளின் கருவைவிட ஆழமாகத் தாயின் உடலுக்குள் வேர் விடும். தேறாத கருவை ஆரம்பத்திலேயே கழித்துவிடத் தாய்க்கு ஓர் ஏற்பாடு தேவை. முன்கூட்டியே தயாராகும் சவ்வுதான் அந்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படி மாறிய சவ்வு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. கரு தங்காத மாதத்தில் புரோஜெஸ்டிரான் சரிகிறது, சவ்வு உரிகிறது.

உரிவதை ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அமெரிக்க உடற்கூறியலாளர் ஜோசஃப் மார்க்கி, வட இந்தியாவில் நாம் பார்க்கும் அதே ரீசஸ் குரங்கின் கருப்பைச் சவ்விலிருந்து சிறு துணுக்கை எடுத்து அதன் கண்ணின் முன்னறையில் பதித்தார். துணுக்கு அங்கே உயிரோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடி போன்ற விழிவெண்படலத்தின் வழியே பல சுற்றுகளைக் கவனித்து 1940-இல் எழுதினார். ரத்தப்போக்கு தொடங்கச் சில மணி நேரம் இருக்கையில், சவ்வுக்குள் திருகித் திருகி ஓடும் நுண்தமனிகள் இறுக மூடிக்கொள்கின்றன. சவ்வு வெளிறுகிறது. பிறகு தமனி ஒவ்வொன்றாகத் திறக்க, ரத்தம் துளித்து, திசு சிறு சிறு துண்டாகக் கழல்கிறது. அந்தக் கண்ணுக்குள் கருப்பை இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் அது நடந்தது. ஹார்மோனின் ஏற்ற இறக்கமே இதை நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. குரங்கு பட்ட பாட்டை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைவிட எனக்கு வியப்பானது அடுத்து நடப்பது. கையில் அரிவாள் பட்டால் தழும்பு நிற்கும். கருப்பையின் உள்புறம் ஒரு பெண்ணின் ஆயுளில் சுமார் 400 முறை புண்ணாகி, ஒவ்வொரு முறையும் சில நாளில் தழும்பே இல்லாமல் ஆறிவிடுகிறது.

வலிக்கு வருவோம். சவ்வு உரியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து கருப்பைத் தசையைப் பிழிகிறது. அடிவயிறும் இடுப்பும் வலிப்பது அதனால்தான். அது குடலையும் உசுப்புவதால்தான் சிலருக்கு முதல் நாள் வயிற்றாலே போகிறது. வெந்நீர் ஒத்தடம் நிஜமாகவே உதவும். மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. ஆகவே வலி முற்றிய பிறகு போடுவதைவிடத் தொடக்கத்தில், சாப்பிட்ட பிறகு போட்டால் நன்றாக வேலை செய்யும். ஆனால் மெஃபெனமிக் அமிலம் அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இல் எச்சரித்தது. முதல் தடவை மருத்துவரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். மாத்திரைக்கும் அடங்காமல் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாதபடி வலித்தால், ‘பொம்பளைன்னா தாங்கிக்கணும்’ என்று சொல்லி வீட்டில் படுக்க வைக்கக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் உள்ளே இருக்கலாம்.

ஒரு மாதத்தில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. பார்க்க நிறையத் தெரிந்தாலும் அளவு அவ்வளவுதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிகப்போக்கு. வீட்டில் யாரும் அளக்கப் போவதில்லை, அடையாளங்கள் போதும்: ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் நனைந்துவிடுகிறது, பெரிய கட்டிகள் விழுகின்றன, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறது.

40 மில்லி ரத்தத்தோடு 20 மில்லிகிராம் வரை இரும்பும் போய்விடுகிறது. அதை உணவுதான் ஈடுகட்ட வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கேழ்வரகிலும் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு சுலபத்தில் உடம்பில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் சேரும். கொட்டையை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் தோப்பிலேயே அழுக விடுகிறோமே, அந்த முந்திரிப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. தொண்டை கரகரப்புக்குப் பயந்து ஒதுக்குகிறோம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாப்பிட்டால் கரகரப்பு குறையும். சாப்பாட்டோடு டீ குடிப்பதுதான் நேர் எதிரி. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

தமிழ்நாடு அரசின் ‘புதுயுகம்’ திட்டம் 2011-12 வாக்கில் தொடங்கியது. ஒரு பெண் பிள்ளைக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின் என்பது அதன் கணக்கு. மாதத்துக்கு 9 வருகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் இரண்டேகால் நாளைக்குத்தான் காணும். நல்ல திட்டம், அளவு போதாது. மீதி நாளுக்குத் துணி வைத்தால் தவறே இல்லை. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். புடவைக்கு அடியில் ஒளித்து ஈரத்தோடு காயவைப்பதில்தான் கேடு இருக்கிறது. முந்திரி பொறுக்கப் போகும் பெண்களுக்குத் தோப்பில் மாற்றிக்கொள்ள ஒரு மறைப்புகூட இல்லை என்பது எந்தத் திட்டத்தின் கணக்கிலும் ஏறவில்லை.

தீட்டு என்பதற்கு விஞ்ஞானம் ஒரு காலத்தில் துணைபோனதும் உண்டு. டிப்தீரியா சோதனையால் புகழ்பெற்ற பேலா ஷிக், வீட்டுக்குத் தூரமான பணிப்பெண்ணின் கை பட்டுப் பூ வாடியதாகவும் அவள் உடம்பில் ஒரு நஞ்சு ஊறுவதாகவும் 1920-இல் எழுதினார். அந்த நஞ்சை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கறிவேப்பிலைச் செடி பட்டுப்போகும் என்ற நம் பேச்சுக்கும் அதே கதிதான். ஆனால் தீட்டு என்ற நம்பிக்கை உயிரையும் வாங்கியிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயலடித்த இரவு, வயதுக்கு வந்ததால் பட்டுக்கோட்டை அருகே வீட்டைவிட்டு விலக்கிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து இறந்துபோனாள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுங்கள், சடங்கும் செய்யுங்கள். ஒதுக்கி வைக்கும் குச்சுக் குடிசை மட்டும் வேண்டாம். நாள்காட்டியில் தேதியைக் குறிக்கச் சொல்லிக் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டு சுற்று முன்பின் ஆவது இயல்பு. அதன்பின் 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் கவலையில்லை. மூன்று மாதம் வராமலே போனாலோ, 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலோ, மேலே சொன்ன அதிகப்போக்கு இருந்தாலோ அந்தத் தேதித்தாளோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அம்மாவுக்கு வேலை இருந்தால் அப்பா கூட்டிப் போகலாம்.